நான் திருத்திய கடற்கரை

இன்று காலை முடிக்குச் சாயம் குழைத்தேன். கிண்ணத்திலிருந்து அம்மோனியா நெடி குப்பென்று ஏறியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. நெடியால்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், நம் டிராயிங் ஆபீஸில் அம்மோனியா போட்டுப் படங்களை நகலெடுக்கும் பிரிண்ட் அறை வாசலில் நீ புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாய். "சீக்கிரம் வாடீ, மூச்சு முட்டுது" என்கிறாய். பாதித் தலைக்குப் பூசியதோடு விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், என் லட்சணம் அப்படி.

சிகந்திராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்து டர்பைன் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே மாதம் ட்ரேஸராகச் சேர்ந்தோம். எஞ்சினியர்கள் பென்சிலில் போட்டுத் தரும் டர்பைன் படங்களை மையில் படியெடுப்பது நம் வேலை. கொஞ்ச நாளில் என்னைச் செக்கராக்கினார்கள். அடுத்தவர் படத்தில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தால் எனக்குக் கசக்குமா? நீ அதே பக்கத்துப் போலாரத்துக்காரி, மூன்று தலைமுறையாக அங்கேயே ஊறிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நான் திருநெல்வேலியிலிருந்து தனியாக வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவள். நான் "ஏட்டி" என்றால் நீ சிரிப்பாய். வேண்டாம் என்பதற்கு நீ அந்த ஊர் உருதுவில் "நக்கோ" என்றால் நான் முறைப்பேன். அந்த ஊரில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசியது உன்னோடு மட்டும்தான். நீ வராத ஞாயிற்றுக்கிழமைகளில், பால்காரனிடம் பேசிய நாலு தெலுங்கு வார்த்தையோடு என் பேச்சு முடிந்துவிடும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு கான்வென்ட்டில் டிராயிங் டீச்சர் வேலை காலி என்று உங்கள் பாதிரியார் சொன்னார். கப்பலேறி முதன்முதலில் வந்த ஐரோப்பியர்கள் போட்ட பழைய வரைபடங்களை, சரித்திர வகுப்புச் சுவருக்குக் கையாலேயே வரைந்து தர ஆள் தேடினார்களாம். மாதிரிக்கு ஒன்று அனுப்பு, பிடித்திருந்தால் வேலையும் தங்க அறையும் என்றார்கள். அந்த வரைபடங்கள் அடங்கிய கனத்த புத்தகம் ஒன்று பாதிரியாரிடமே இருந்தது. உன் அண்ணன் வீட்டில் குழந்தைகள் ஒன்றையும் விட்டுவைக்காதுகள் என்று என் குவார்ட்டர்ஸ் மேஜையில் வரைந்தாய். ஐந்து மாதம், சனி மதியமும் பூசை முடிந்த ஞாயிறுகளும்.

தாள் பழசாகத் தெரிவதற்கு டீ டிகாஷனில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டாய். கடலில் கொம்பு முளைத்த மீன்கள், சிலுவை போட்ட பாய்மரக் கப்பல்கள். கரையோரம் முழுக்க ஊர்ப் பெயர்கள் முள்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். உள்நாட்டில் ஒரு யானை, கூடாரத்தில் ஒரு ராஜா, மற்றபடி வெறும் தாள். கப்பலிலிருந்து பார்த்தவனுக்குக் கரைதானே தெரியும்? "நாம இருக்கற எடமே இல்ல பாரு டீ" என்று அந்தக் காலியிடத்தில் விரல் வைத்தாய்.

தெற்கு முனை மழுங்கிக் கிடந்தது. இலங்கை பாதி இந்தியா அளவுக்குப் பூதமாக உட்கார்ந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க ஊர்ப் பக்கத்த இப்படியா வரைஞ்சு வச்சிருக்கான்? திருத்துட்டி" என்றேன். நீ தலையைக்கூடத் தூக்காமல், "தப்ப தப்பாவே வரையணும். அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது" என்றாய்.

படம் வளர வளர, நீ இன்னும் எத்தனை ஞாயிறு வருவாய் என்று எண்ணத் தொடங்கினேன். நீ குன்னூர்க் குளிருக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருந்தாய். "லீவுக்கு வந்துடு டீ, சுத்தலாம்" என்பாய். வருஷத்துக்குப் பத்து நாள் லீவு. மிச்ச நாளெல்லாம் நான் யாரிடம் பேசுவது?

ஞாயிறு காலை ரயிலில் கிளம்பும் ஒரு கன்னியாஸ்திரி கையில் படத்தைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மதியம் தங்க வண்ணம் தீர்ந்துபோய், நீ சிகந்திராபாத் கடைக்குப் போனாய். நான் அட்லஸைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அழிக்கவே முடியாத கருப்பு இந்தியன் இங்க்கில் கன்னியாகுமரியைக் கூராக்கினேன். உன் பெரிய இலங்கையின் வயிற்றுக்குள் சரியான அளவில் இன்னொரு இலங்கையைப் போட்டேன்.

நீ வந்து பார்த்தாய். கையிலிருந்த புட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னா டீ பண்ணி வெச்சிருக்க?"

"பழக்கதோஷம்ட்டி. தப்பப் பாத்ததும் கை தன்னால போயிட்டு" என்று அழுதேன். அழுகை நிஜம். பிளேடை எடுத்துச் சுரண்டப் போனேன்.

"நக்கோ, நக்கோ. பேப்பர் பொத்தலாயிடும்." என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். பிறகு, "எதுக்கு அழற? செக்கர் கை, அது அப்படித்தான். போய் டீ போடு" என்றாய்.

கன்னியாஸ்திரி வெறுங்கையோடு போனார். அடுத்த மாதமே அந்த வேலைக்கு வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். ஆபீஸில் இதை நீயே சிரிப்புக் கதையாகச் சொன்னாய். "இவகிட்ட உலகத்தயே குடுத்தாலும் கரெக்ஷன் போடுவா" என்றதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு நீ வண்ணப்பெட்டியைத் திறந்து நான் பார்க்கவில்லை. எட்டு வருஷம் என் பக்கத்து மேஜையில் டர்பைன் படியெடுத்தாய், நெஞ்சில் நோய் வந்து படுக்கும்வரை. போலாரம் கல்லறையில் உன்மேல் ஒரு பிடி மண் போட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். அது பழக்கதோஷம் இல்லை. நீ போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன். நீ குன்னூரில் வாழ்ந்திருக்க வேண்டிய எட்டு வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். அந்த எட்டு வருஷமும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைக்கிறது. நம் ஆபீஸில் செக்கர் மையைத் தொடுவதே கிடையாது. தப்பிருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம், அவ்வளவுதான். திருத்துவது வரைந்தவள் பாடு. என் சிவப்பு வட்டங்களை நித்தமும் வாங்கித் திட்டிக்கொண்டே திருத்தியவள் நீ. பழக்கத்தில் போன கை பென்சிலைத்தானே எடுத்திருக்கும்? ரப்பர் வைத்து அழித்திருக்கலாமே. இது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றாயே, அப்போதே தெரிந்துவிட்டது, இல்லையா?

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை மதியமும் கேண்டீன் பெஞ்சில் வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய். உன்னை ஏமாற்றிவிட்டேன் என்ற பாரத்தையாவது என்னுடையது என்று இத்தனை நாள் சுமந்தேன். இனி அதுவும் இல்லை. தெரிந்தே இடம் பிடித்து வைத்தாய் என்பதைத்தான் சுமக்க வேண்டும். இது அதைவிடக் கனக்குதுட்டி.