இடப்பக்கம் விழுந்த முடிச்சு

கப்பலில்,
11.2.2024

அன்புள்ள தேவிக்கு,

நான் நலம். நீயும் ஸ்ருதியும் எப்படி இருக்கிறீர்கள்? கரையில் இறங்கினால்தான் போனைக் கையில் தருவார்கள் என்ற சட்டம் இன்னும் மாறவில்லை. அதனால் எழுதுகிறேன். லிஸ்பன் துறைமுகத்தில் தபாலில் சேர்ப்பேன்.

விக்டோரியா ராணி காலத்துச் சரக்குக் கப்பல் என்றபோது, பார்வைக்குத்தான் பழசு என்று நினைத்தேன். வேலையும் பழசுதான். இஞ்சின் கிடையாது. நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் தூக்கம், மணி அடித்தால் எழ வேண்டும். பதினெட்டுப் பாய்களையும் கையாலேயே இழுத்துக் கட்டுகிறோம். அடித்தளம் முழுக்கக் காப்பிக்கொட்டை மூட்டை. பாய் கிழிந்தால் தைக்க என்னைக் கூப்பிடுவார்கள். முந்தாநாள் காற்றில் பாய்மரத்து உச்சியில் நின்றபோது, பயத்தில் நம் வீட்டுத் தெலுங்கில் ஒன்று, இரண்டு எண்ணினேன். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரன், நான் சாமி கும்பிடுவதாக நினைத்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டான்.

பாயின் மூலையில் கயிறு கோக்க இவர்கள் போடும் முடிச்சு, நம் தறியில் அறுந்த இழைக்குப் போடுகிற அதே முடிச்சு. எங்கே கற்றாய் என்று கேப்டன் கேட்டார். அருப்புக்கோட்டையில் என்றேன்.

இதுதான் கடைசிப் பயணம். ஆவணிக்குள் வந்துவிடுவேன். பிறகு நம் இரண்டு தறியும் என் பொறுப்பு.

உன்,
கார்த்தீஸ்வரன்


அருப்புக்கோட்டை,
9.3.2024

ஸ்ருதி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. ஸ்ருதி இரண்டு தடவை படித்தாள். நான் எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன்.

பாடம் நடத்தப் பரளச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் மல்லி அறுத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். அந்த வாசனையை மடித்து அனுப்ப வழியில்லை. பக்கத்து வீட்டு அழகுத்தாய் அக்காவிடம் உங்கள் வேலையைச் சொன்னேன். "இங்க இருந்தப்ப படுத்த பாயச் சுருட்டாத மனுசன், அங்க போயி பதினெட்டுப் பாயச் சுருட்டுறாகளாக்கும்" என்றார். நான் உங்களுக்காகப் பரிந்து பேசவில்லை.

நமக்கு நெய்து கொடுக்கிற மாரிச்சாமி அண்ணனுக்குத் தறியில் உட்கார முடியவில்லையாம், முதுகுவலி. ஆவணியோடு நின்றுகொள்கிறேன் என்கிறார். நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று சொல்லி, சரி என்றுவிட்டேன். உயரத்தில் ஏறும்போது மெதுவாக எண்ணுங்கள்.

அன்புடன்,
தேவி


லிஸ்பன்,
2.6.2024

அன்புள்ள தேவிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். கப்பல் ஆட்டம்.

கேப்டன் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். ஆவணிக்கு வர முடியாது. தறியை யாருக்காவது கொடுத்துவிடலாம். ஸ்ருதிக்கு முன்பே தைத்து வைத்திருந்த பாய்த்துணிப் பை அனுப்பியிருக்கிறேன். கோபப்படாதே.

கார்த்தி


அருப்புக்கோட்டை,
30.6.2024

ஸ்ருதி அப்பாவுக்கு,

கோபப்பட்டேன். நாலு நாள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிற கப்பல் எழுத்துக் கோணும்படி ஆடுமா என்று ஸ்ருதிதான் கேட்டாள். அதன்பிறகுதான் பிரித்தேன்.

பையின் தையல் உங்களுடையது. மேலே கட்டிய கயிற்றின் முடிச்சு உங்களுடையது மாதிரி இல்லை. உங்கள் முடிச்சில் மிச்ச நுனி எப்போதும் வலப்பக்கம் விழும். இதில் இடப்பக்கம் கிடந்தது. நுனியில் பல் பட்ட தடம். இரண்டு கையும் வேலை செய்கிறவர் கயிற்றைப் பல்லால் இழுக்க வேண்டியதில்லை. அந்தக் கோணல் எழுத்தும் இடது கையால் எழுதியதுதான். கரையில் இறங்கிப் போன் செய்த அன்று முகத்தைக் காட்டச் சொன்னபோது சிக்னல் இல்லை என்றீர்கள். நானும் நம்பினேன்.

எத்தனை விரல், எந்தக் கயிறு என்றெல்லாம் எழுத வேண்டாம். என் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள். அறுந்த இழைக்கு முடிச்சுப் போட முடியாத கையோடு இந்த வாசலுக்கு எப்படி வருவது என்று யோசித்தீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

தறியை யாருக்கும் கொடுக்கவில்லை. நேற்று அழகுத்தாய் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவருடைய இடது கையும் என் வலது கையுமாக, ஆளுக்கு ஒரு நுனி பிடித்து, அறுந்த இழையை முடிந்து பார்த்தோம். பத்துத் தடவை நழுவியது. பதினோராவது தடவை நின்றது. இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை.

"ஆளுக்கு ஒத்தக் கையி, இதென்னடி வெளயாட்டு?" என்று கேட்டார்.

"ஆவணியில அவுக வாராகக்கா. அதான் பழகிக்கிறேன்" என்றேன்.

தேவி