இறங்கிய எண்

மார்க்கையன்கோட்டை,
2-4-1986

அன்பு மகன் சுருளியாண்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும், உன் அக்கா பூமாரியும், அவள் பிள்ளைகளும் சுகம். பிலாயில் வெயில் இப்போதே கொளுத்துகிறதாமே. உருக்காலையில் உலைப் பக்கம் நிற்கிறவன் நிறையத் தண்ணீர் குடி.

அப்பாவின் கடிதம் உனக்கு வந்திருக்கும். ஈரல் சோதனையில் எஸ்.ஜி.பி.டி. எண் இறங்கிவிட்டது, நீ லீவு போட்டு அலைய வேண்டாம், பொங்கலுக்கு வந்தால் போதும் என்று எழுதியிருப்பார். எனக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டினார். இன்று அவர் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

எண் இறங்கியது நிஜம். போன வருஷம் நூற்றுத் தொண்ணூறு, இப்போது முப்பத்தெட்டு. உனக்குத் தெரியாததா, ஈரல் கெட்டதென்றால் நம் ஊரில் சாராயம் என்றுதான் பேசுவார்கள். ஒரு சொட்டுத் தொடாத மனிதர் இரண்டு வருஷமாகக் குனிந்த தலை நிமிராமல் நடந்தார். இந்தத் தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூட வரவில்லை. நேரே டீக்கடைக்குப் போய், கடைக்காரன் முன்னால் இரத்தச் சோதனைச் சீட்டை விரித்து, ஏலே கர்ணா, நல்லாப் பாத்துக்க, குடிகாரன் ஈரலுக்கு இப்படி நம்பர் வருமாடா என்று கேட்டிருக்கிறார். அந்தச் சீட்டு இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

வேட்டி இடுப்பில் இறுகுகிறது, உடம்பு தேறிவிட்டது என்கிறார். அது வயிற்றில் நீர் கோத்த வீக்கமப்பா. காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது.

அன்று ஆஸ்பத்திரியில் அவர் மாத்திரை வாங்க வரிசையில் நின்றபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஈரல் புண்படும்போது அதற்குள் இருக்கிற ஏதோ ஒன்று இரத்தத்தில் கசியுமாம், அதைத்தான் அளக்கிறார்களாம். பல பேருக்கு எண் இறங்கினால் நல்ல சேதியாம். ஆனால் இவருக்கு அந்தக் காமாலைக் கிருமி வருஷக்கணக்காக உள்ளே இருந்து ஈரலைச் சுருக்கிவிட்டது, கசிவதற்கே இனி அதிகம் மிச்சமில்லை என்றார். எனக்கு நம் மேற்குக் கொடிக்கால்தான் நினைவுக்கு வந்தது. வாடல் விழுந்த வருஷம் உதிர்ந்த இலையை அள்ளி மாளவில்லை. பிறகு ஒருநாள் உதிர்வது நின்றது. நோய் போயிற்றென்று அப்பா சந்தோஷமாக அண்ணாந்து பார்த்தார். கொடியில் இலையே இல்லை.

அவரிடம் நானே சொல்கிறேன் என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டு வந்தேன். வாய் வரவில்லை. பலத்துக்கு என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறேன், குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டேன். என்னடி, உப்பு வெல ஏறிப்போச்சா என்று தட்டைத் தள்ளுகிறார். திட்டட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டட்டும்.

பெற்ற பிள்ளைகளும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பூமாரிக்குப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. நீ அங்கே ஆஸ்பத்திரியில் பார். எண் நன்றாக இருக்கிறதென்று அதோடு வந்துவிடாதே, கிருமி இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கச் சொல். உன் கண் மஞ்சளாகாமல் வெள்ளையாக இருப்பதெல்லாம் கணக்கில்லை.

எண் இறங்கினால் வீரபாண்டி கௌமாரி கோயிலில் அக்கினிச்சட்டி எடுப்பதாக அப்பா நேர்ந்திருந்தார். சித்திரைத் திருவிழாவுக்கு இப்போதே மஞ்சள் வேட்டி வாங்கி வைத்துவிட்டார். வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார், நான் என்ன சொல்வேன்? நீ லீவு கேள். தரமாட்டேனென்றால் சண்டை போட்டுக் கேள். திருவிழா பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் வந்தேன் என்று அவரிடம் சொல். என் முகத்தைப் பார்த்து அழுதுவிடாதே. பொங்கல் வரைக்கும் மட்டும் தள்ளிப்போடாதே சாமி.

ஆத்தா கௌமாரி உன்னை நோய்நொடி அண்டாமல் காப்பாற்றட்டும். ஆற்றில் குளித்துவிட்டுச் சட்டியோடு நடக்கும்போது அப்பாவை இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக்கு நான் இருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அய்யம்மாள்