பெரிய பாறையில் முளைத்த ரோமம்

ஜூன் 4, வியாழன்

அத்தைக்கு மாவுக்கட்டு போட்டு இரண்டு வாரம் ஆகிறது. குளியலறையில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்துபோனது. மீன் தொட்டித் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அதைச் சுத்தம் செய்யும் வேலை இப்போது என் தலையில்.

ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் தொட்டி அது. கடல் உப்புக் கரைத்த தண்ணீர், பாறைகள், பவளங்கள், இரண்டு ஆரஞ்சு மீன்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றதும் அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு வந்து தங்கினார்; கூடவே ஒரு சமுத்திரமும் வந்து சேர்ந்தது.

இன்று கண்ணாடியைத் துடைக்கும்போது பார்த்தேன். பெரிய பாறையின் நிழல் பக்கத்தில் வெள்ளையாக, காது குடையும் பஞ்சு நுனி மாதிரி ஏதோ குட்டிக் குட்டியாக முளைத்திருக்கிறது. அதற்குச் சற்று மேலே, பச்சைப் பவளத்தின் அடியில், பழுப்பு நிறத்தில் ஒரு ரோமம். பூனை முதுகிலிருந்து பிய்த்து ஒட்டியது போல.

"அத்தை, பாறையில பூஞ்சை பிடிச்சிருக்கு போல."

மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "நீங்க வேலைக்குக் கிளம்புங்க மாப்ள. உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை?"

தொல்லை, தொல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் இதைச் சொல்வார்!

ஜூன் 6, சனி

மீன் தொட்டிக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அத்தைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "எல்லாம் பாசி சார். பழைய டூத் பிரஷ் இருந்தா தேய்ச்சு விடுங்க, போயிடும்" என்றார்.

பச்சையே இல்லாமல் ஒரு பாசியா? நாளைக்கு நிதானமாகப் பார்ப்போம் என்று அத்தையிடம் சொன்னேன்.

ஜூன் 9, செவ்வாய்

செயற்கைப் பல் செய்யும் என் பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. ஏழு பல் செட் அவசரம் அவசரமாகக் கேட்கிறார்கள். தொட்டிப் பக்கமே போகவில்லை.

ஜூன் 18, வியாழன்

மனசே சரியில்லை.

பழுப்பு ரோமம் இப்போது ஒரு பாறையில் அல்ல, எல்லாப் பாறையிலும். பச்சைப் பவளம், அத்தை தீப்பெட்டி அளவில் வாங்கி இத்தனை வருஷம் வளர்த்தது, விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அத்தையின் மாவுக்கட்டோ ஓரமெல்லாம் ஊறிப் பிய்ந்திருக்கிறது.

"கட்டு எப்படி நனைஞ்சுது?" என்று என் மனைவி கேட்டாள். அம்மாவிடம் இவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அத்தை புடவைத் தலைப்பால் கட்டை மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் இடது கையால தேய்ச்சேன். தடுமாறி இந்தக் கையும் உள்ள போயிடுச்சு. உங்கள எப்படிக் கேக்குறது மாப்ள? வேலை முடிஞ்சு களைச்சு வர்றீங்க."

அதோடு நிற்கவில்லை. கடைக்காரரிடம் பேசிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்து தொட்டியோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறாராம். "நானும் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒரு ரூம் பாத்துக்கறேன். உங்களுக்கும் இடம் வேணுமில்ல?"

இவள் உள்ளே போய் ஈரத்துணிகளை உதறு உதறு என்று உதறிக் காயப்போட்டாள்.

போன வருஷம் இடுப்பு பிடித்து நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேனே, அப்போது என்னைத் தூக்கி உட்காரவைத்தது யாரு? முகம் கழுவி விட்டது யாரு? ஒரு நாளாவது தொல்லைன்னு சொல்லியிருக்குமா அந்த மனுஷி? அவங்க போயி எங்கேயோ ஒரு ரூம்ல... ஏன் நான் வாயைத் திறக்கல?

ஜூன் 19, வெள்ளி

லீவு போட்டு, முதலில் அத்தைக்கு நனைந்த கட்டை மாற்றிக் கூட்டிவந்தேன். பல்லைச் செதுக்கும்போது கண்ணில் மாட்டும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியையும் ஊசியையும் பட்டறையிலிருந்து எடுத்துவந்தேன்.

வெள்ளைப் பஞ்சைத் தொட்டேன். அசையவில்லை. பழுப்பு ரோமத்தைத் தொட்டேன். ஒவ்வொரு இழை நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பூ இருக்கிறது! ஊசி பட்டதும் எல்லாப் பூவும் வெடுக்கென்று சுருங்கின.

"அத்தை, இது பாசி இல்ல. மிருகம்!"

படம் எடுத்து, பவளம் வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் போட்டேன். முகம் தெரியாத ஒரு அம்மா உடனே பதில் போட்டார். வெள்ளையாக இருப்பது கடற்பஞ்சு, தண்ணீரை வடிகட்டும் நல்ல பிள்ளை, விட்டுவிடுங்கள். பழுப்பு, ஹைட்ராய்டு என்ற உயிர். பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் உதிரும் துணுக்கெல்லாம் போன இடத்தில் முளைக்கும். பாறையை வெளியே எடுத்துச் சுரண்டி, பசை ஜெல்லால் மூடுங்கள், தீனியைக் குறையுங்கள். கடைசியில், "பயப்படாதீங்க, எங்க வீட்டுலயும் வந்துச்சு" என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காகவே அவர் நன்றாயிருக்க வேண்டும்.

பச்சைப் பவளத்தை மட்டும் பாறையிலிருந்து வெட்டி எடுத்தாக வேண்டும். அத்தையிடம் போய் நின்றேன்.

"கடைக்காரர் சாயங்காலம்தானே வர்றார்? காலையில ஒரு ஆபரேஷன் பண்ணிப் பாத்துடலாம்."

"யாரு டாக்டர்?"

"நான்தான். நர்ஸ்தான் கிடைக்கல."

கீழே விழுந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் அத்தை சிரித்தார்.

ஜூன் 21, ஞாயிறு

சாப்பாட்டு மேசை மேல் பிளாஸ்டிக் விரிப்பு. இரண்டு வாளிகளில் தொட்டித் தண்ணீர். பட்டறையிலிருந்து பல் அறுக்கும் சின்ன மிஷின், வைரத்தூள் பதித்த வட்டத் தகடோடு. இவள் டார்ச் பிடித்தாள்.

எத்தனையோ பற்களை அறுத்த கை இது. இன்று தகட்டை வைக்கும் இடத்தை மூன்று தடவை மாற்றினேன். பவளத்தின் சதைக்குக் கீழே, எலும்பு மாதிரி கெட்டியாக இருக்கும் தண்டில் வெட்ட வேண்டும். ஒரு இம்மி மேலே போனால் முடிந்தது கதை.

"மாப்ள, மூச்சை முழுசா விட்டுட்டு வெட்டுங்க" என்றார் அத்தை. "பெரிய பெரிய டாக்டருங்களுக்கே சொல்லியிருக்கேன்."

மூச்சை விட்டேன். வெட்டினேன். கடைவாய்ப் பல் அறுக்கும்போது வரும் அதே வாசனை!

நான் கேட்குமுன்பே ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது, அதுவும் அத்தையின் இடது கையால்: சுரண்டி, ஊசி, துணி, பசை. பவளத்தைச் சுத்தமான ஒரு சின்னக் கல்லில் ஒட்டி, பெரிய பாறையை மொத்தமாக எடுத்துவிட்டோம். மற்ற பாறைகளில் ரோமம் இருந்த இடத்தை மட்டும் சுரண்டி மூடினோம். பஞ்சு நுனிகளை அப்படியே விட்டோம். முடித்து நிமிர்ந்தபோது மூவருக்கும் நல்ல பசி.

சாயங்காலம் கடைக்காரர் பெரிய டப்பாக்களும் ஆளுமாக வந்து நின்றார். நான் எழுவதற்குள் அத்தை வாசலுக்குப் போய்விட்டார்.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா. பேஷண்ட் இன்னும் கண்ணு முழிக்கல."

அவர் பதறிப்போய் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். இவள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள்.

ஜூன் 23, செவ்வாய்

பவளம் திறக்கவில்லை. அத்தையும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 27, சனி

பட்டறையில் இருந்தேன். போன்.

"மாப்ள, ஒரு விரல் வெளிய வந்திருக்கு."

"எந்த விரல் அத்தை?" அவருடைய மாவுக்கட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

"அட, பவளத்தோடதுங்க!"

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று விரல் ஆகியிருந்தது. பச்சைப் பசேலென்று, தண்ணீரில் ஆடிக்கொண்டு. இரண்டு பேரும் நாற்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இருக்கிற எல்லாருக்கும்.

ஜூலை 17, வெள்ளி

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது. கை குச்சியாக இளைத்திருக்கிறது, தேறிவிடும்.

ரோமம் இரண்டு இடத்தில் மறுபடி தலைகாட்டியது. பசை வைத்து மூடிவிட்டேன். அத்தையே கூப்பிட்டுக் காட்டினார்: "இங்க ஒண்ணு பாருங்க மாப்ள, எனக்குக் கை எட்டல." தொல்லை என்ற சொல் கூட வரவில்லை.

சாப்பிடும்போது இவள் மெதுவாகக் கேட்டாள், "சித்தி வீட்டுப் பக்கம் ரூம் பாக்கறேன்னியே, என்னாச்சும்மா?"

"எந்த ரூம்?" என்றார் அத்தை. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, புதன்

அத்தை தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறார். போகும்போதே திரும்பி வர டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டார்.

இன்று பேசினார். தங்கை குறட்டை விடுகிறாளாம், வீடே அதிர்கிறதாம். பக்கத்து வீட்டு நாய்க்குத் தன்னைப் பிடிக்கவில்லையாம். நீங்கள் சாப்பிட்டீர்களா, இவள் சாப்பிட்டாளா, சரி வைக்கிறேன்.

"தொட்டி எப்படி இருக்குன்னு கேட்டாங்களா?" என்றாள் இவள்.

"கேக்கவே இல்ல."

இவள் என் முகத்தையே பார்த்துச் சிரித்தாள்: "அப்போ நிம்மதியா நம்மகிட்ட விட்டுட்டாங்க." நான் எழுந்துபோய் மீன்களுக்குத் தீனி போட்டேன்.