சாம்பிளாகக் கொடுத்த கிளாம்பு

ஆக. 12, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. கோபம் தணியவில்லை. வரிசையாக எழுதினால் அடங்கலாம்.

1. சென்னைக் கம்பெனி செய்தது அயோக்கியத்தனம்.
2. எங்கள் கிளாம்பில் குறை கிடையாது.
3. தம்பி ராஜேந்திரன் பேச்சைக் கேட்டது என் பிசகு.
4. செல்வியிடம் எப்படிச் சொல்வது?

முதலாவது. மூட்டு மாற்றும் ரோபோ செய்கிற கம்பெனி. கூட்டாளி தேடி நாங்கள் எழுதியதில் பதில் போட்டது இது ஒன்றுதான். எலும்பு எங்கே இருக்கிறதென்று ரோபோவுக்குக் காட்ட, தொடை எலும்பில் துளை போட்டுக் கம்பி இறக்கி, கேமரா பார்க்கும் உருண்டைகளை அதில் மாட்டுவார்கள். வயதானவர்களுக்கு அந்தத் துளையிலேயே எலும்பு முறிவதுண்டு. எங்கள் கிளாம்புக்குத் துளை வேண்டாம், கவ்விக்கொள்ளும். யோசனை என்னுடையது, எலும்பு டாக்டராக இருந்த அனுபவத்தில் வந்தது. கடைந்தது செல்வி, சிலமலையில், அவள் அப்பாவின் லேத்துப் பட்டறையில். இதற்காக மதுரை வேலையை விட்டவள்.

"பாக்கக் குடுங்க" என்றார்கள். கொடுத்தேன். பிரிக்கவோ காப்பியடிக்கவோ மாட்டோம் என்று கையெழுத்து வாங்கவில்லை. இன்று அந்தக் கம்பெனிக்காரன் பிரதீப் போனில்: "கழட்டிப் பாத்துட்டோம் சார். எங்க டீம் புதுசா ஒரு டிசைன் பண்றாங்க."

"கழட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"சாம்பிள்னு நீங்கதானே சார் குடுத்தீங்க?"

நான் சொன்னது: "சரி தம்பி." சரியாம்! வெட்கம்.

மூன்றாவது. ராஜேந்திரன் ஏலக்காய் வியாபாரி. ஏலத்தில் சாம்பிளைத் தட்டில் கொட்டினால் யாரும் அள்ளலாம், முகரலாம், உடைத்துப் பார்க்கலாம். திருப்பிக் கேட்பது அசிங்கம். "அண்ணே, காய உடைக்க விடாம எவன் வெல சொல்லுவான்? கையெழுத்துக் கேட்டீகன்னா சந்தேகப்படுறீகன்னு போயிருவான்." நானும் அந்த வீட்டுப் பிள்ளை. தலையாட்டிவிட்டேன்.

இரண்டாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மருத்துவம் படிக்கும் காலத்தில் வாங்கிய எலும்பில் மாட்டி ரம்பம் ஓட்டினேன். அசையவில்லை. எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் உண்டு, இதில் இல்லை.

பிரஷர் மாத்திரை மறந்துபோனது.

ஆக. 13, புதன்

காற்று. பால், பல்பு, செருப்பு தைக்க.

ராஜேந்திரன் வந்தான். திட்டினேன். "அவன்கிட்ட சரின்னுட்டு எங்கிட்ட வந்து குதிக்கிறீகளே!" நியாயம். அதனால் இன்னும் கோபம்.

மதியம் பஸ்ஸில் சிலமலை. நடந்ததைச் சொன்னேன். செல்வி லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கோவமா இருக்கீகளாய்யா?"

"ஆமாம்மா."

"மொகத்துல தெரியவே இல்லியே."

ஸ்பீக்கரில் பிரதீப்பைக் கூப்பிட்டாள். "ஏம்ப்பா, பாக்கக் குடுத்தா பிரிச்சுப் போடுவீகளோ? வெரசா அனுப்பி விடு. இல்லேன்னா வந்து ஒங்க ஆபீஸ் வாசல்ல குத்தவச்சிருவேன்."

"மேடம், ரம்பம் ஓடும்போது அது நழுவுது. அதான் கழட்டினோம். புது டிசைன் அதோட கவ்வுற வாய மாத்தத்தான்."

போனைப் பிடுங்கிக் கத்தினேன். "பொய்!"

நான்தான். தெருவில் போனவர் நின்று பார்த்தார். ஆனாலும் நன்றாக இருந்தது.

ஆக. 14, வியாழன்

வெயில். கறிக்கடையில் மாட்டுத் தொடை எலும்பு.

"சூப்புக்கா டாக்டர்?"

"ரம்பத்துக்கு."

கடைக்காரர் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

கொழுப்பும் சவ்வும் ஒட்டியபடியே பட்டறைக்குக் கொண்டுபோனேன். செல்வி கடைந்து வைத்திருந்த இன்னொரு கிளாம்பை மாட்டினோம். பிரதீப்பைப் பொய்யன் என்று நிரூபிக்கத்தான். ரம்பம் ஓட்டினேன். கிளாம்பு சறுக்கியது, கண்ணுக்கே தெரிந்தது. துடைத்து இறுக்கி மறுபடி. மறுபடியும் சறுக்கல்.

என் பழைய காய்ந்த எலும்பில் கொழுப்பு ஏது? எத்தனை தொடைகளைத் திறந்தவன் நான். இது தோன்றவில்லை. ரோபோ அந்த உருண்டைகளை நம்பிக் கோணலாக வெட்டியிருக்கும். மயக்கத்தில் கிடக்கும் நோயாளிக்கு என்ன தெரியும்?

செல்வி கையைத் துடைத்துக்கொண்டே, "இப்ப அவுகளோட சேர்றமா, இல்லியா?"

"கேக்காமக் கழட்டினது தப்பும்மா."

"தப்புதான். யாரு இல்லேன்னா? சேர்றமா?"

பிரதீப்பை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் ஒப்பந்தம், பிறகுதான் கிளாம்புப் பேச்சு. இதைச் சொல்லும்போது குரல் இறங்கவில்லை.

செவ்வாயன்று எழுதிய பட்டியலில் ஒன்றாவதில் ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன். இரண்டாவது தவறு.