நீ துடைத்த லென்ஸ்

இன்று பிற்பகல் தாம்பரம் சானடோரியத்தில் லோக்கல் ரயில் ஏறினேன், பல்லாவரத்தில் இறங்கி உன் வீட்டுக்குப் போக. எதிரில் இருந்த பெண் பஞ்சை நனைத்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. கண் கரித்தது. நெடியால்தான் என்று நினைத்து அவள், "சாரிக்கா" என்று பாட்டிலை மூடினாள்.

நம் லென்ஸ் கம்பெனியின் தூசியில்லாத அறைக்குள் பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, நகப்பூச்சு கூடவே கூடாது. தலைமூடி, முகமூடி, வெள்ளை அங்கி எல்லாம் மாட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வெளியே தெரிவது கண்ணும் புருவமும்தான். உன் இடது புருவத்தில் குறுக்கே ஒரு வெட்டு, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்தது. அத்தனை வெள்ளை உருவங்களுக்கு நடுவே அதை வைத்துத்தான் உன்னைக் கண்டுபிடிப்பேன். சூப்பர்வைசர் திட்டிவிட்டுத் திரும்பினால் அந்தப் புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறும். நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவேன்.

நீ கண்ணாடிப் பிரிவு, நான் பிளாஸ்டிக் பிரிவு. தெருவில் மாட்டும் கேமராவுக்கு வெயிலும் மழையும் படுகிற முன்பக்கம் கண்ணாடி லென்ஸ். உள்ளே எடை குறைந்த பிளாஸ்டிக் லென்ஸ்கள். கண்ணாடியை, நகப்பூச்சு அழிப்பதில் வரும் அதே நெடியுள்ள மருந்தில் நனைத்த துணியால் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் துடைப்பாய். பிளாஸ்டிக்கில் அந்த மருந்து பட்டால் வெளுத்துவிடும், நாங்கள் காற்று மட்டும்தான் ஊதுவோம். "எங்க கண்ணாடி எவ்ளோ தேச்சாலும் தாங்கும்டி. உங்களுது தொட்டாச்சிணுங்கி" என்று கிண்டல் செய்வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் போனோம். ஞாயிறு வந்தால் உனக்கு நகப்பூச்சு போட்டே ஆகவேண்டும். திங்கள் ஷிப்டுக்கு முன் அதை அழித்தே ஆகவேண்டும். மீன் விற்பதை வேடிக்கை பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைப் பஞ்சால் அழித்துக்கொண்டிருந்தாய். என் புது போன் கேமராவில் கடல் தண்ணீர் தெறித்திருந்ததைப் பார்த்து, "குடு" என்று பிடுங்கி, அதே பஞ்சால் நடுவிலிருந்து வெளியே சுற்றித் துடைத்தாய். கைப்பழக்கம். அதுவோ மலிவான போன், கேமராவின் மேல்மூடி பிளாஸ்டிக்.

"அய்யோ, இன்னாடி பண்ணிட்ட!"

"ஒன்னும் ஆவல. என்னை எடுத்துப் பாரு" என்று எதிரில் நின்றாய். எடுத்தேன். பால் கொட்டினாற்போல் ஒரே வெளுப்பு, அதற்குள் நீ. பஸ் தாம்பரம் வரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது. பொழிச்சலூர் வீட்டுக்குள் வந்த வெள்ளம் ஆல்பங்களைக் கொண்டுபோனது. மிச்சம் ஆதார் அட்டைப் படம், அதில் நீ யாரோ. அப்போது கைக்குழந்தையாக இருந்த உன் மகள் நிவேதா இப்போது எட்டாம் வகுப்பு. போன வாரம் போன் செய்து, "அம்மா போட்டோ எதுனா வெச்சிருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அந்த வெளுத்த படத்தை அனுப்பினேன்.

இன்று போனால் அது கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரை வைத்துத் தெளிவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வழுவழுவென்று கன்னம். வெளுப்பு மறைத்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தது. இரண்டு புருவமும் முழுசாக, அழகாக.

"அந்த வெட்டு இல்லையேண்ணா" என்று உன் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும்மா. பாப்பா பாத்துட்டு எவ்ளோ சந்தோஷப்பட்டுச்சு தெரியுமா? இப்ப போய் இன்னான்னு சொல்றது?"

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. சொன்னால், இப்போதுதான் கிடைத்த அம்மாவை அவளிடமிருந்து பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் யாரோ ஒருத்தியை அம்மா என்று காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. அந்தப் பஞ்சைக் கீழே போட்டிருக்கக் கூடாதா?

நிவேதா காபி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க அனுப்புனது ஏன் ஆன்ட்டி அவ்ளோ மங்கலா இருந்துச்சு?"

"உங்கம்மா பண்ண வேலைதான்" என்று கோவளம் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவளிடம் காட்டக் கொண்டுபோயிருந்த அந்தப் பழைய போனைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளுத்துப்போன கேமராவில் உன் கை போன வழி சுற்றுச் சுற்றாக இன்னும் இருக்கிறது. அதை விரலால் தடவிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அவ்ளோ மங்கலுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு ஸ்டூடியோக்காரங்களுக்கு எப்படித் தெரியும்?"

உன் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன இருந்துச்சு ஆன்ட்டி?"

அவளுடைய இடது புருவத்தில் விரலை வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

சுவரில் இருக்கும் படத்தை இனி என்ன செய்வாளோ, தெரியாது. நான் செய்தது சரியா என்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும், என் விரலுக்கடியில் அவள் புருவம் மெல்ல மேலே ஏறியது அப்படியே இருக்கிறது.