ஐஸ்கிறீம் பெட்டியில் ஆறுமணிக்குருவி

டயகம,
17 நவம்பர் 2024

அன்பு சிசிலிக்கு,

மாதாவின் தயவில் நானும் மகள் நிரோவும் நல்ல சுகம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அந்த வீட்டில் மாடிப்படி அதிகம் என்று சொல்லியிருந்தாய். பிடித்துக்கொண்டு ஏறி இறங்கு. பக்கத்து லயத்து ஜீவராணி லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் தேயிலைத் தூளையும் அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் உன் மெடம் பக்கத்தில் வந்து நின்றால் நீ பாதிப் பேச்சில் வைத்துவிடுகிறாய். போன வாரம் நீ பேசி அனுப்பியதைக் கேட்டேன். "பொணக் குருவிய அறுக்கவா எம் புள்ளயப் படிக்க வச்சேன்? வந்த நல்ல சம்பந்தத்தையும் விட்டுட்டு நீங்களும் அவ பக்கம் நிக்கிறீங்களே" என்று அழுதிருந்தாய். கொட்டகலையிலிருந்து உன் அக்கா சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு அழுதிருக்கிறாய். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். படித்த பிறகும் கோபம் இருந்தால் அப்போது திட்டு.

நிரோ கொழும்பு நூதனசாலையில் சேர்ந்தபோது அங்கே என்ன வேலை என்று நாம் இரண்டு பேருமே சரியாகக் கேட்கவில்லை. அரசாங்க வேலை என்றதும் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினோம், அவ்வளவுதான். சனங்கள் டிக்கட் வாங்கிப் பார்க்கிற மண்டபத்தில் அவளுக்கு வேலை இல்லை. அதற்குப் பின்னால் பூட்டிய அறைகள் இருக்கின்றன. அங்கே உள்ள அலுமாரிகளில் இந்த நாட்டுப் பறவை, பாம்பு, தவளை, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் கெடாமல் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நம் மகள் வேலை செய்வது பறவை அலுமாரிகளில்.

நம் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடி உனக்குத் தெரியும். விடிய விடிய லைட் எரியும். ஒக்டோபர் மாதம் பனிமூட்டம் இறங்கினால், காலையில் வடக்குப் பக்க ஜன்னலுக்குக் கீழே குருவிகள் செத்துக் கிடக்கும். கூட்டி அள்ளித் தேயிலைக்குள் வீசுவோம். இரண்டு வருடத்துக்கு முன் நிரோ லீவில் வந்திருந்தபோது, எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள் நான் விளக்குமாறும் கையுமாக நிற்பதைப் பார்த்தாள். "அப்பா, வீசாதீங்க!" என்று ஓடி வந்து, அந்தக் குருவியை இரண்டு கையாலும் எடுத்தாள்.

பச்சை முதுகு, வாலடியில் நல்ல சிவப்பு, கண்ணில் மை தீட்டிவிட்டது போல ஒரு கறுப்புக் கோடு. சிங்களத்தில் அவிச்சியா என்பார்களே, அதுதான். தமிழில் ஆறுமணிக்குருவி என்று பெயராம். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து இந்தியா முழுவதையும் தாண்டி, கடலையும் தாண்டி, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறதாம். "அவ்வளவு தூரம் வந்து நம்ம ஜன்னல்ல முட்டிச் செத்திருக்குப்பா" என்றாள். இத்தனை வருடம் அந்த மாடியில் வேலை செய்தும் நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கே ஒரு வேலையை என் தலையில் கட்டினாள். வனஜீவராசிகள் திணைக்களத்தில் முறைப்படி அனுமதி எடுத்துக் கொடுத்தாள். விழுகிற குருவியை எல்லாம் நான் எடுத்து, எந்த நாள், எந்த ஜன்னல், பனி இருந்ததா என்று ஒரு துண்டில் எழுதிச் சுற்றி வைக்க வேண்டும். வைக்கக் குளிர்ப்பெட்டி வேண்டுமே! தோட்டத்தில் அது இருப்பது கடை முத்துலிங்கத்திடம் மட்டும்தான்.

முத்துலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, ஐஸ்கிறீம் வாங்க வர்ற புள்ளைங்க பாத்தா எங் கடைய இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்." நான் பிஸ்கட் தகரத்தில் போட்டு நாடாவால் கட்டித் தருகிறேன் என்று கெஞ்சி, அவனுடைய ஐஸ்கிறீம் பெட்டியின் அடியில் ஒரு மூலை வாங்கினேன். ஒருநாள் கொழுந்து பறிக்கிற வேலாயி அந்தத் தகரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன் என்று நினைத்து விலை கேட்டிருக்கிறாள். முத்துலிங்கம் என்ன சொல்வதென்று தெரியாமல் வித்துப்போச்சு என்றானாம். அதற்குப் பிறகு பெரட்டுக்களத்தில் எனக்கு 'பொணக்குருவி அந்தோனி' என்று பெயர். வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே நிற்பேன்.

இந்த வருடம் செப்டம்பரில் நிரோ கொழும்பிலிருந்து ஒரு மரப்பெட்டி கொண்டு வந்தாள். அவளுடைய பெரிய மெடமும் கூட வந்தார். தோட்டத்துத் துரை, டீமேக்கர் ஐயா, மேல்மாடியில் வேலை செய்கிற நாங்கள் எல்லாரும் பெக்டரி ஒபீசில் நின்றோம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒரு பக்கம் நூறு வருடத்துக்கு முன் இந்த மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரை சுட்ட ஆறுமணிக்குருவிகளை வைத்தாள். மறுபக்கம் நான் பொறுக்கியவை. நிறம்கூட மங்காத அந்தப் பழைய குருவிகளைப் பார்த்து எல்லாரும் மேசையை நெருங்கிக் குனிந்தோம்.

நிரோ பயப்படாமல் பேசினாள், சிசிலி. முதலில் சிங்களத்தில், பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில். அந்தக் காலத்துக் குருவிகளின் காலில் கட்டிய சீட்டில் நாள் இருக்கிறது. நம்முடையதிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இவை இப்போது பிந்தி வருவது போலத் தெரிகிறதாம். உறுதியாகச் சொல்ல இன்னும் பறவைகள் வேண்டும் என்றாள். ஒரு இறகின் நுனியைச் சோதித்தால் அது எந்த நாட்டு மழையில் வளர்ந்த இறகு என்றுகூடக் கண்டுபிடிப்பார்களாம். சுட்ட துரைக்கு இதெல்லாம் தெரியாது. "நூறு வருசம் கழிச்சு வர்றவங்க என்ன கேப்பாங்கன்னு நமக்கும் தெரியாது. அவங்களுக்குப் பதில் சொல்ல இந்தக் குருவி இருக்கணும். அதுக்குத்தான் வச்சிருக்கோம்" என்றாள்.

கடைசியில் ஜன்னல் விஷயத்துக்கு வந்தாள். விழுந்தவை எல்லாமே வடக்கு ஜன்னலில், பனி நாளில். டீமேக்கர் ஐயா, "லைட் இல்லாம இருட்டுல கொழுந்து வாட்டவா?" என்று கேட்டார். "லைட்ட அணைக்க வேணாம் சேர். வெளிய தெரியாம மறைச்சாப் போதும், குருவி வந்து எறங்குற ரெண்டு மாசத்துக்கு மட்டும்" என்று நிரோ சொன்னாள். துரை ஒரு குருவியின் காலில் இருந்த சீட்டைத் திருப்பிப் படித்தார். பிறகு பழைய கொழுந்துச் சாக்குகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேலாயியும் மற்றப் பெண்களும் அவற்றைப் பிரித்துத் தைத்துத் திரையாக்கிக் கொடுத்தார்கள். இந்த ஒக்டோபர் முழுவதும் பனிதான். நான் தினமும் காலையில் கீழே போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு குருவி கிடந்தது, அதுவும் தெற்குப் பக்கம். இப்போது பெரட்டுக்களத்தில், "அண்ணே, இன்னைக்கு எல்லாம் சொகமா போயிருச்சா?" என்று அவர்களே கேட்கிறார்கள்.

இதற்குப் பிறகுதான் கொட்டகலைச் சம்பந்தம் வந்தது. பையன் றொனால்ட் நல்லவன்தான், பள்ளிக்கூடத்து வாத்தியார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுடைய அம்மா நிரோவிடம் என்ன வேலை என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மா டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "செத்ததத் தொட்ட கையால எங்க வீட்ல சமைக்க முடியாது. அந்த வேலைய விட்டுட்டு டீச்சிங் எடுக்கட்டும், அப்ப பேசலாம்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

கலியாணம் என்றதும் எனக்கும் மனசு ஆடிவிட்டது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? வேலையை விடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று கொட்டகலையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன்.

நிரோ என்னை உள்ளே கூட்டிப்போனாள். மேசையில் ஒரு குருவி பாதி வேலையில் இருந்தது. தோலை உரித்து, உள்ளே பஞ்சு வைத்து, வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்த இடம் தெரியவே இல்லை. சின்ன வயதில் கோயிலில் முதல் நற்கருணை வாங்கியபோது அவள் போட்ட புதுநன்மைச் சட்டைக்கு நீ கையால் பூ தைத்தாயே, அதே தையல். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "அம்மாட்டத்தான், வேற எங்க?" என்றாள்.

பிறகு ஒரு இழுப்பறையை இழுத்தாள். அந்த வெள்ளைக்காரத் துரை சுட்ட குருவிகள் வரிசையாகப் படுத்திருந்தன. சீட்டில் அவர் பெயர். அதற்குப் பக்கத்தில் நான் பொறுக்கியவை. அவற்றின் காலிலும் சின்னச் சின்னச் சீட்டு, மணிமணியாக நிரோவின் கையெழுத்து. நம் தோட்டத்தின் பெயர். நாள். கீழே, எடுத்தவர்: எஸ். அந்தோனிமுத்து. இந்த மலையில் எத்தனை தலைமுறையாக உழைத்தோம், நம் பெயரை யார் எங்கே எழுதி வைத்தார்கள், சிசிலி? அந்த இழுப்பறையை இன்னும் நூறு வருடம் கழித்துத் திறந்தாலும் அந்தச் சீட்டு இருக்குமாம். கண் கலங்கிவிட்டது. நிரோ பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள்.

வந்த வழியில் கொட்டகலையிலேயே இறங்கி றொனால்ட் வீட்டுக்குப் போனேன். "எம் மக அந்த வேலைய விட மாட்டாங்க. விடச் சொல்ல எனக்கும் மனசில்ல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தேன். நடந்தது இவ்வளவுதான். நிரோ அழவில்லை. அவளுக்கு ஏற்றவன் வருவான், நீ கவலைப்படாதே.

இங்கே மழை விடவில்லை. அடுப்படிக்கு மேல் தகரம் ஒழுகுகிறது, மாற்ற வேண்டும்.

பெப்ரவரியில் நூதனசாலையில் மலைநாட்டுப் பறவைகளுக்கென்று ஒரு காட்சி திறக்கிறார்கள். நிரோதான் பேசப் போகிறாள். வீட்டாருக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். உன் ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். எப்படிச் செய்தாலும் அது உன் இஷ்டம். என் பக்கத்து நாற்காலிக்கு யார் பெயரைக் கொடுப்பது என்று நிரோ நேற்றுக் கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன்,
அந்தோனிமுத்து