நுகத்தடிக்குப் பதில் ஒரு பெயர்

1774 செப்டம்பர் 12, திங்கள்

காகிதமே, இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். மழைக்குப் பிறகு மாடு மிதித்த வயல் மாதிரி இருக்கிறது என்கிறாள் என் மனைவி மெஹிதபேல். வயது அறுபத்தெட்டு. ஐம்பது வருடம் எருது ஓட்டிய கை. இறகுப் பேனாவையும் சாட்டை மாதிரிதான் பிடிக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். நான்!

இவ்வளவுக்கே மத்தியானம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 15

ஏன் படித்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் மாதம் நீதிபதி பெல்டிங் ஒரு காகிதம் கொண்டுவந்தார். பாலத்தைச் செப்பனிட என்றார். பாலம் நல்லதுதானே? கையெழுத்து தெரியாததால் எப்போதும் போடும் என் குறியைப் போட்டேன். ஒரு நுகத்தடிப் படம். வண்டிக்காரனுக்கு வேறென்ன குறி?

பிறகு அது பாஸ்டன் பத்திரிகையில் வந்தது. பாலமாவது ஒன்றாவது! இங்கிலாந்து மன்னர் எந்தச் சட்டம் போட்டாலும் தலைவணங்குவோம் என்று பதினொரு பெரிய மனிதர்களின் பெயர். அடியில் என் நுகத்தடி.

மாவுமில்லுக்காரன் ஒபதியா என் தானியத்தை அரைக்க மாட்டேன் என்றான். "அடிமை நுகத்தைக் கழட்டிப் போடுங்கன்னு பாதிரியார் வாரா வாரம் தொண்டை கிழியக் கத்துறாரு. நீரு அதைப் படமாவே வரைஞ்சு குடுத்திருக்கீரு, பெரியவரே."

போன வாரம் ஊர் ஆண்கள் எல்லாரும் மன்னரின் நீதிமன்றத்தை மூடப் போனார்கள். நீதிபதிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தார்களாம். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது வருடமாக இந்த ஊர்க்காரன் நான்.

செப்டம்பர் 16

இன்றும் யாரும் வணக்கம் சொல்லவில்லை. எருதுகள் மட்டும் சொல்லின.

அக்டோபர் 9

மெஹிதபேல் என் இரண்டாம் மனைவி. அடுப்படியிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள். ஜூலையிலிருந்து நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். அவர்களைவிட மெதுவாம், ஆனால் அழுவதில்லையாம்.

இன்று பைபிளில் ஒரு முழு வசனத்தை எங்கும் நிற்காமல் நானாகவே படித்தேன். எழுந்துபோய்த் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து மறுபடி படித்தேன். அதே வசனம்! அங்கேயே இருக்கிறது!

நவம்பர் 14

ஊர்க்கூட்டம். புதுச் சட்டப்படி ஆளுநரின் அனுமதி இல்லாமல் கூடக் கூடாது. அதனாலேயே ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள்.

காகிதத்தில் பெயர் போட்டவர்கள் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். என் முறை வந்தது. அந்தக் காகிதத்தைக் கொடுங்கள் என்றேன். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

ஏழு வரி. எவ்வளவு நேரமோ தெரியாது. ஒருவர் கணப்பில் இரண்டு முறை விறகு போட்டார். "கீழ்ப்படிதல்" என்ற சொல்லில் மூன்று தடவை சறுக்கினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒபதியாதான் அவனை அடக்கினான்.

முடித்துவிட்டுச் சொன்னேன்: "இப்பதான் படிக்கிறேன். எனக்குப் பிடிக்கல."

கூட்டமே சிரித்தது. நானும்.

பிறகு அதிலிருந்த நுகத்தடிப் படத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஆங்கிலச் சரக்கு வாங்க மாட்டோம் என்ற உடன்படிக்கையில் என் பெயரை எழுதினேன். ஏனோஸ் தர்லோ. ஒபதியா குனிந்து பார்த்தான். "பேர்ல ஒரு எழுத்து திரும்பி நிக்குதே?"

"ராஜாவுக்கு முதுகைக் காட்டுதுப்பா."

1775 ஜனவரி 22

ஒபதியாவின் மில்லில் தானியம் அரைத்தாயிற்று. ரொட்டி நன்றாக வந்தது. தேயிலையும் ஆங்கிலச் சரக்குதானே, அதற்குப் பதில் ராஸ்பெர்ரி இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். சுதந்திரத்தின் ருசி இப்படித்தான் என்றால் நிறையத் தேன் வேண்டும்.

மார்ச் 5

வாரம் இரண்டு நாள் புல்வெளியில் துப்பாக்கிப் பயிற்சி. ஒபதியாதான் தலைவன். இடக்கால், வலக்கால் தெரியாத ஆள்.

ஏப்ரல் 19, புதன்

மத்தியானம் ஒருவன் குதிரையில் வந்தான். குதிரை நுரைதள்ளி நின்றது. பாஸ்டன் பக்கம் லெக்சிங்டனில் மன்னரின் படை சுட்டுவிட்டது. நம்மவர்கள் செத்திருக்கிறார்கள்.

மணி அடித்தார்கள். பெயர்ப்பட்டியல் எழுதும் எழுத்தரும் துப்பாக்கியோடு வரிசையில் போய் நின்றுவிட்டார். ஒபதியா நேரே என்னிடம் வந்தான்.

"யார் யார் போனாங்கன்னு எழுதணும். நீங்க எழுதுங்க, பெரியவரே."

"நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிரும்."

"முடிஞ்சா நல்லதுதானே?"

சிரிக்காமல் சொன்னான். பீப்பாய்மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். முப்பத்தொரு பேர். பெண்கள் ரொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனும் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு, சரியாக வருகிறதா என்று நின்று பார்த்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஏப்ரல் 21

மன்னரின் படை பின்வாங்கிப் போன பாஸ்டனைச் சுற்றி எல்லா ஊர்க்காரர்களும் முகாம் போட்டிருக்கிறார்களாம். யாரும் திரும்பவில்லை. நாளை அவர்களுக்கு ரொட்டியும் வெடிமருந்தும் ஏற்றிக்கொண்டு நான் போகிறேன். இந்த வேலைக்கு எருது ஓட்டத் தெரிந்தால் போதும்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், வீடு திரும்பியதும் குறி போட. முப்பத்திரண்டாவதாக என் பெயர். அந்த எழுத்து இன்னும் திரும்பித்தான் நிற்கிறது. மெஹிதபேல் பார்த்தாள், திருத்தச் சொல்லவில்லை. பட்டியல் அவளிடம் இருக்கும்.

அடுத்த வாரம் வந்து எழுதுகிறேன். மை காயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.